ஜாமீனுக்கு நான் போடாத கையெழுத்து

கண்ணா,

கவரை ஒட்டாமத்தான் குடுத்து அனுப்பியிருக்கேன். ஒட்டி என்ன ஆகப் போகுது, உன்னால படிக்கவா முடியும்? டெல்லி லோதி ரோடு பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச தமிழ் அதோட நின்னு போச்சு. இப்பவும் ஒரு கடைப் பலகையை நீ எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ் ரெண்டு ஸ்டாப் தாண்டிரும். மேல படிக்க வைக்காதது என் சோம்பேறித்தனம், உன்னைக் குத்தம் சொல்லல. போன்ல போட்டோ எடுத்தா அதுவே இங்கிலீஷ்ல சொல்லிரும்மான்னு சொல்லுவே. என் கையெழுத்து முப்பத்தி நாலு வருஷம் என்கூட ஃபைல் பார்த்தவங்களுக்கே புரியாது, அந்தப் போன் பாவம் என்ன செய்யும்? அதனால வாசிக்கிறதுக்கு ஆளையும் கூடவே அனுப்பியிருக்கேன். நம்ம வீட்டு வேலை பார்க்கிற அஞ்சலையோட வீட்டுக்காரர், துரைக்கண்ணு அண்ணன். ஆட்டோ ஸ்டாண்டுல தினமும் தமிழ்ப் பேப்பரை நாலு பேருக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுறவர். வாசல்லயே நின்னு வாசிச்சிர்றேம்பாரு, விடாதே. உள்ள கூப்பிட்டு நாற்காலி போடு, தண்ணி குடு, போனைக் கவுத்து வை.

அண்ணே, நீங்க நிதானமா வாசிங்க. உங்களைப் பத்தி நல்லதா வர்ற இடத்தையும் என்னைப் பத்திக் கெட்டதா வர்ற இடத்தையும் மெல்லத் தாண்டிப் போயிரலாம்னு உங்களுக்குத் தோணும். எனக்கு உங்களைத் தெரியும். தாண்டாதீங்க. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கேன்.

இதையெல்லாம் நேர்ல சொன்னா என்னன்னு கேப்பே. நாலு வருஷமா சொல்ல வந்து சொல்ல வந்து, "சாப்பிட்டியாப்பா?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போனவ நான். போன ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணினே பாரு, அன்னிக்கு ராத்திரி முடிவு பண்ணினேன், எழுதிடறதுன்னு. துபாய்ல வேலை கிடைச்சிருச்சு, இருபதாம் தேதி டிக்கெட்னே. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. "கேஸ் என்ன ஆச்சுப்பா, வியாழக்கிழமை தேதி இருக்கே?"ன்னு கேட்டேன். "அரே அம்மா, கேஸ் தூங்கட்டும். நான் போனதுக்கப்புறம் யாரு தேடப் போறா? அந்த ஆட்டோ அங்கிளுக்கு ஏதாவது பார்த்துப் பண்ணிரலாம்"னு சொன்னே. அந்த ஆட்டோ அங்கிள்தான் இப்ப உனக்கு எதிர்ல உக்காந்து இதை வாசிச்சுக்கிட்டிருக்காரு. நீ வியாழக்கிழமை வராமப் போனா உன் பேர்ல வாரன்ட் வரும். உன்னைப் பிடிக்க முடியலேன்னா கோர்ட் உனக்கு ஜாமீன் நின்னவரைத்தான் பிடிக்கும், அவர் எழுதிக் குடுத்த வண்டியைத்தான் எடுக்கும். உனக்குத் துபாய், அவருக்கு வண்டி போச்சு. இதைத் தூங்குறதுன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சுன்னு ஆத்திரப்பட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, இந்த வாயை உனக்குக் குடுத்ததே நான்தான்.

முதல்ல இருந்து சொல்றேன். உனக்குத் தெரிஞ்சது பாதிதான். நாலு வருஷத்துக்கு முன்னால, நொய்டாவுல ஃப்ரெண்டு பார்ட்டின்னு போன அந்தச் சனிக்கிழமை, மயூர் விஹார் ஃப்ளைஓவர் கீழ பேரிகேட் போட்டு போலீஸ் நின்னுச்சு. மிஷின்ல ஊதச் சொன்னாங்க. குடிச்சுட்டு ஓட்டினது மட்டும்தான்னா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். அது ஜாமீன்ல விட்டே ஆக வேண்டிய குத்தம்னு எனக்கும் அப்புறம்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்து, வண்டியை நிறுத்தி வச்சுக்கிட்டு, பொறுப்பான ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டா ஸ்டேஷன்ல இருந்தே அனுப்பியிருப்பாங்க. அப்புறம் கோர்ட்ல போய் அபராதமோ என்னவோ. ஆனா நீ ஊத மாட்டேன்னே. "ஜான்தே ஹோ மேரி மாம் கௌன் ஹை? மினிஸ்ட்ரி மே ஹை!"ன்னு, எங்கம்மா யாரு தெரியுமா, மினிஸ்ட்ரியில இருக்காங்கன்னு கத்தினே. நான் ஒரு செக்‌ஷன் ஆபீசர், என் மேஜைக்கு ஃபேன் வரவழைக்கவே மூணு மாசம் லெட்டர் எழுதினவ, என் பேரைச் சொல்லி அந்தப் போலீஸ்காரரை நெஞ்சுல கை வச்சுத் தள்ளினே. அவர் பேரிகேட் மேல விழுந்து முழங்கை கிழிஞ்சு போச்சு. டியூட்டில இருக்கிறவர் மேல கை வச்சா அது வேற குத்தம்டா. அதுக்கு ஸ்டேஷன்ல ஜாமீன் கிடையாது, கோர்ட்டுதான் மனசு வைக்கணும். குடி உன்னை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போச்சு, உன் கை உன்னை ஜெயிலுக்குக் கொண்டு போச்சு. இதை உனக்குப் பிள்ளை பிறந்தா அவனுக்கும் சொல்லு.

ஞாயித்துக்கிழமை ட்யூட்டி மாஜிஸ்ட்ரேட் முன்னால உன்னை நிறுத்தினாங்க. லீவு நாள் ஆனதால அன்னிக்கு ஜாமீன் மனுவெல்லாம் எடுக்கல, நீதிமன்றக் காவல்னு எழுதி ஜெயில் வேன்ல ஏத்திட்டாங்க. உன் பெல்ட்டையும் ஷூ லேஸையும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு என் கையில குடுத்தாங்க. உங்கப்பா போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில இப்படித்தான் அவரோட வாட்சையும் மோதிரத்தையும் ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து அந்தப் பையைப் பூஜை அலமாரி மேல வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். திங்கக்கிழமை வக்கீலம்மா மனு போட்டாங்க. போலீஸ் பதில் சொல்ல ஒரு நாள் கேட்டாங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜட்ஜ் ஜாமீன் குடுத்துட்டாரு. நான் ஓன்னு அழுதேன், முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு. அப்பதான் வக்கீலம்மா தோளைத் தட்டிச் சொன்னாங்க, "ஆன்ட்டிஜி, ஆர்டர் வந்தது பாதிதான். இனிமே ஜாமீன்தார் வேணும். ஜல்தி யாரையாவது கூட்டிட்டு வாங்க. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்தாச்சுன்னா இன்னிக்கே விடுதலை உத்தரவு ஜெயிலுக்குப் போயிரும்."

ஜாமீன்தார்னா என்னன்னு தெரியுமா உனக்கு? நாலு வருஷமா ஜாமீன்ல இருக்கே, தெரியாது. இந்தப் பையன் கூப்பிட்ட தேதிக்கெல்லாம் வருவான், வராட்டி என்கிட்ட இருக்கிறதை எடுத்துக்குங்கன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கிற ஆள். சும்மா வாயால சொன்னாப் போதாது, ஏதாவது காட்டணும். வக்கீலம்மா என்கிட்ட மூணு வழி சொன்னாங்க. கவர்மென்ட் வேலையில இருக்கீங்க, சம்பளச் சீட்டும் ஆபீஸ் அடையாள அட்டையும் போதும்னாங்க. இல்லேன்னா பேங்க் டெபாசிட் ரசீது. அதுவும் இல்லேன்னா ஃப்ளாட் பேப்பர். மூணும் என்கிட்ட இருந்துச்சு கண்ணா. மூணும் அன்னிக்கு என் கைப்பையிலயே இருந்துச்சு, காலையில ஏதோ தோணி எடுத்து வச்சிருந்தேன். காகிதம் எதுவும் தயாரா இல்லேன்னு உன்கிட்டச் சொன்னேனே, அது பொய்.

ஏன் குடுக்கலேன்னு கேளு. சம்பளச் சீட்டைக் குடுத்தா சரிபார்க்க ஆபீசுக்கு ஆள் வரும். ரிடையர் ஆக அப்ப ஆறு மாசம்தான் பாக்கி. என் மகன் குடிச்சுட்டுப் போலீஸ்காரரை அடிச்சான்னு காரிடார்ல பேசினா நான் எந்த மூஞ்சியோட சென்ட்-ஆஃப் வாங்குவேன்? டெபாசிட் இருக்கிற பேங்க் எங்க ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளயே இருக்கு. ஃப்ளாட் பேப்பருக்கு சொசைட்டி செகரட்டரிகிட்ட லெட்டர் வாங்கணும். அவருக்குத் தெரிஞ்சா சாயங்காலம் பார்க்ல நடக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒவ்வொரு வழியா யோசிச்சு ஒவ்வொண்ணையும் நானே அடைச்சேன். உள்ள நீ இருக்கே, வெளிய என் கைப்பையில உன்னை விடுவிக்கிற காகிதம் இருக்கு, நான் என்னடான்னா என் சென்ட்-ஆஃப் மாலையைப் பத்தி யோசிச்சுக்கிட்டிருந்தேன். அஞ்சு மணி தாண்டிருச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ உள்ள கழிச்சது கோர்ட்டால இல்ல, போலீசால இல்ல. என்னாலதான்.

இது எனக்குப் புதுப் பழக்கம் இல்ல. உனக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ, உனக்கு ஒம்பது வயசு இருக்கும். எதிர் ஃப்ளாட் சோப்ரா ஆன்ட்டி வாசல்ல ஒரு நீலப் பூஜாடி வச்சிருந்தாங்களே, ஜெய்ப்பூர்ல இருந்து கொண்டு வந்தது. காரிடார்ல நீ பந்தடிச்சு உடைச்சே. பயந்து போய் வந்து என் புடவைக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டே. பெல் அடிச்சுச்சு. நான் கதவைத் திறந்து, "அஞ்சலை பெருக்கும்போது கை தவறிப் பட்டிருச்சு, சாரி"ன்னு சொன்னேன். வாய் தானா சொல்லிருச்சு. அஞ்சலை பின்னால துடைப்பத்தோட நின்னுக்கிட்டிருந்தா. அந்தம்மா அவளைப் பார்த்து, "அந்தி ஹோ கயி ஹை க்யா?"ன்னு, கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேட்டுக் கத்தினாங்க. அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்துட்டுக் குனிஞ்சு சில்லைப் பொறுக்கினா. உனக்கு நான் அன்னிக்குப் பாலும் பிஸ்கட்டும் குடுத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு எங்கம்மா விருதுநகர்ல அடிக்கொரு தரம் சொல்லுவாங்க. அதை நான் எம்பிள்ளைக்குப் பாடமாவே நடத்தியிருக்கேன். குடிச்சுட்டு வண்டி ஓட்டினதும் அன்னிக்குத்தான் முதல் தடவைன்னு நான் யார்கிட்டயும் சத்தியம் பண்ண முடியாது. அதுக்கு முன்னால எத்தனை வெள்ளிக்கிழமை உன் சட்டையில வாடை வந்துச்சு, கார் சாவி உன் கையில தொங்குச்சு. "தோசை ஊத்தட்டுமா?"ன்னுதான் கேட்டிருக்கேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நேரா அஞ்சலை வீட்டுக்குப் போனேன். பத்தொன்பது வருஷம் என் வீட்டுக்கு வந்தவ, அவ வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுட்டு ரெண்டு பேரும் நின்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். ஆட்டோவோட ஆர்.சி.யைக் காட்டினா வெளியூர்க்காரர் இல்ல, சொந்த வண்டி இருக்கிற ஆளுன்னு கோர்ட் ஒத்துக்கும்னு சொன்னேன். அஞ்சலைதான் கேட்டா, "எங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்மா. ஏதாவது ஆயிருச்சுன்னா?" நான், "ஒண்ணும் ஆகாதுடி, ரெண்டே மாசத்துல கேஸ் முடிஞ்சிரும்"னேன். எனக்கு எப்படித் தெரியும் ரெண்டு மாசம்னு? வாயில வந்ததைச் சொன்னேன். துரைக்கண்ணு அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "தம்பி சாப்பிட்டானாம்மா உள்ள?" அவ்வளவுதான். தகரப் பெட்டியைத் திறந்து ஆர்.சி.யை எடுத்து, சட்டையில துடைச்சு என் கையில குடுத்தாரு.

அண்ணே, இப்ப தாண்டாதீங்க. அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான் நான் போனேன். என் வீட்டுச் சம்பளத்துல பொண்ணைப் படிக்க வைக்கிறவ, அட்வான்ஸ் வேணும்னா என்கிட்ட வந்து நிக்கிறவ, எப்படி இல்லேன்னு சொல்லுவா? பார்க்ல நடக்கிறவங்க யார்கிட்டயும் நான் போய்க் கேக்கல. கேட்டா அவங்க மாட்டேன்னு சொல்லலாம். எனக்கு மாட்டேன்னு சொல்ல முடியாத ஆளாத் தேடிப் போனேன்.

புதன்கிழமை கோர்ட்ல நடந்ததுதான் உனக்குத் தெரியாத பெரிய விஷயம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஆர்.சி., ஆதார், போட்டோ எல்லாம் ஒரு பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்திருந்தாரு. காலையிலயே ஸ்டேஷன்ல இருந்து ஆள் அவர் வீட்டுக்குப் போய் அட்ரஸ் சரிதானான்னு பார்த்துட்டு வந்துட்டாங்க, அக்கம்பக்கம் அத்தனையும் வேடிக்கை பார்த்திருக்கு. ஜட்ஜ் கூப்பிட்டுக் கேட்டாரு, பையன் உங்களுக்கு என்ன வேணும்னு. அண்ணன் அவரோட இந்தியில, "ஹமாரா ஹீ பச்சா ஹை, சாப்"னாரு. எங்க பிள்ளைதான் ஐயான்னு. ஜட்ஜ் பேப்பர்ல உன் பேரையும் அவர் பேரையும் பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு, "லட்கே கா பரிவார் நஹீ ஆயா?"ன்னு கேட்டாரு. பையனோட குடும்பத்துல இருந்து யாரும் வரலியான்னு. நான் கடைசி பெஞ்சு பக்கத்துல, தூணை ஒட்டி நின்னுக்கிட்டிருந்தேன். மூணு எட்டு வச்சா முன்னால போயிரலாம். "நான் அம்மா"ன்னு ரெண்டு வார்த்தை. முந்தானையை இழுத்துத் தலையில போட்டுக்கிட்டுக் குனிஞ்சுக்கிட்டேன். துரைக்கண்ணு அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தாரு. பார்த்துட்டு ஜட்ஜ் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சாப், நான்தான் வந்திருக்கேன்"னு சொல்லிட்டு, கையெழுத்துப் போட்டாரு. நடுரோட்ல நீ என் உத்தியோகத்தைச் சொல்லிக் கத்தினே. கோர்ட்ல என் அடையாள அட்டை பையில இருக்க, நான் உனக்கு யாருமே இல்லாத மாதிரி நின்னேன். உன்னை நான் திட்டுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு தினமும் கேட்டுக்கிறேன்.

ஒரிஜினல் ஆர்.சி.யைக் கோர்ட் ஃபைல்ல வச்சுக்கிட்டு, சீல் போட்ட நகலைக் கையில குடுத்தாங்க. விடுதலை உத்தரவு சாயங்காலம் ஜெயிலுக்குப் போச்சு. அங்க பேரு, அப்பா பேரு, கேஸ் நம்பர், வேற கேஸ் ஏதும் இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டுத்தான் விடுவாங்க. வாசல்ல எங்களை மாதிரி அம்பது அறுபது பேர். யாரோ ஒரு பொம்பளை புள்ளைக்குப் புதுச் சட்டை வாங்கிட்டு வந்திருந்தா. ஏழு மணிக்குச் சின்னக் கதவு திறந்து ஒவ்வொருத்தரா வந்தீங்க. லேஸ் இல்லாத ஷூவை இழுத்து இழுத்து நடந்து வந்தே. நான் கட்டிக்கிட்டேன். நீ கேட்ட முதல் கேள்வி, "ஆபீசுக்குத் தெரியுமாம்மா?" நான் சொன்ன முதல் பதில், "யாருக்கும் தெரியாதுப்பா." நம்ம ரெண்டு பேரும் ஒரே அச்சுதான். அண்ணன் ஆட்டோவுல வச்சு நம்மளைக் கொண்டு வந்து விட்டாரு, வழியில நிறுத்தி உனக்கு டீயும் ரெண்டு வாழைப்பழமும் வாங்கிக் குடுத்தாரு. வீட்டு வாசல்ல இறங்கினதும் நீ திரும்பிக்கூடப் பார்க்காம, "அம்மா, ஆட்டோவுக்குக் குடுத்துரு"ன்னு சொல்லிட்டு லிஃப்ட்டுக்குப் போயிட்டே. அந்த ஆட்டோதான்டா உன்னை வெளிய கொண்டு வந்துச்சு. நான் அப்பவாவது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பர்ஸைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி மறுத்துட்டு வண்டியைத் திருப்பினாரு. அன்னியில இருந்துதான் நான் அவரை அண்ணேன்னு கூப்பிடறேன், அதுக்கு முன்னால பத்தொன்பது வருஷமும் "துரை, வண்டி வருமா?"தான்.

ரெண்டு மாசம்னேன், நாலு வருஷம் ஆயிருச்சு. ஜாமீன்தார் எல்லாத் தேதிக்கும் வர வேண்டியதில்லன்னு வக்கீலம்மாவே சொல்லியாச்சு. ஆனாலும் அண்ணன் ஒரு தேதி விட்டதில்ல. அவர் வீட்டுக் காலண்டர்ல உன் தேதிக்கெல்லாம் சிவப்புல வட்டம் போட்டிருக்காரு. பொண்ணோட பரீட்சைக்கு நீல வட்டம், உனக்குச் சிவப்பு. நீதான் மூணு தேதி போகல. போன டிசம்பர்ல ஃப்ரெண்ட்ஸோட கோவா போனியே, அன்னிக்கு உன் பேர்ல வாரன்ட் போட்டு, அவருக்கும் நோட்டீஸ் வந்துச்சு. ஸ்டாண்டுக்கு வந்து, சவாரி ஏறி உக்காந்திருக்க, போலீஸ் அவரை இறக்கிக் கூட்டிட்டுப் போச்சு. காலையில பத்து மணியில இருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சிருந்தாங்க. அஞ்சலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஓடிப் போய்க் கேட்டப்ப, "தம்பிக்கு மறந்திருக்கும்மா, அடுத்த தேதிக்கு நானே போய்க் கூட்டிட்டு வந்துர்றேன்"னாரு. நீ திரும்பி வந்து கோர்ட்ல மன்னிப்புக் கேட்டு அபராதம் கட்டினே, சரி. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நானும் சொல்லச் சொல்லல. ஐ.என்.ஏ. மார்க்கெட்ல இருந்து அரைக் கிலோ காப்பித் தூள் வாங்கி அஞ்சலைகிட்டக் குடுத்துவிட்டேன். அதோட என் கடமை தீர்ந்துச்சாம்.

இப்ப அந்த ஆட்டோவுக்கு வயசாயிருச்சு. டெல்லியில பழைய வண்டியை ஓட்ட விட மாட்டாங்க, வர்ற மாசத்தோட அதைக் குடுத்துட்டுப் புது வண்டி எடுக்கணும். அதுக்கு ஒரிஜினல் ஆர்.சி. வேணும். அது கோர்ட்ல உன் ஃபைலுக்குள்ள கிடக்கு. இதை அவர் என்கிட்டச் சொல்லல, உன்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாரு. அஞ்சலை பாத்திரம் விளக்கிக்கிட்டே, என் பக்கம் திரும்பாம சொன்னா. "ரெண்டு மாசம்னீங்கம்மா." அவ்வளவுதான் சொன்னா. அன்னியில இருந்து எனக்குச் சோறு இறங்கல.

மறுநாளே சொசைட்டி ஆபீசுக்குப் போனேன். நாலு பேர் உக்காந்திருந்தாங்க, அவங்க முன்னாலயே சொன்னேன். என் பையன் குடிச்சுட்டு வண்டி ஓட்டி, போலீஸ் மேல கை வச்சு ஜெயிலுக்குப் போனான், அவனுக்கு நான் ஜாமீன் நிக்கணும், ஃப்ளாட்டுக்கு லெட்டர் குடுங்கன்னு. செகரட்டரி மூக்குக் கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தாரு. "எங்களுக்கு அப்பவே தெரியுமே மேடம். நீங்க சொல்லல, அதான் நாங்களும் கேக்கல." நாலு வருஷம் கண்ணா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டு நான் பார்க்ல தலை நிமிர்ந்து நடந்திருக்கேன், அத்தனை பேரும் எனக்காகப் பாவம் பார்த்து வேற பேச்சுப் பேசியிருக்காங்க. இல்லாத ஒரு மானத்துக்காக இருக்கிற ஒரு மனுஷனை அடகு வச்சேன்.

வியாழக்கிழமை என்ன நடக்கும்னு கேட்டுக்கோ. அண்ணனை ஜாமீன்ல இருந்து விடுவிக்கணும்னு வக்கீலம்மா மனு போடுறாங்க. ஜட்ஜ் முதல்ல கேக்கிறது, "பையன் எங்கே?"ன்னுதான். நீ எதிர்ல நின்னாத்தான் அவரை விடுவாங்க. விட்டதும் உனக்குப் புது ஜாமீன் கேப்பாங்க. அந்த நேரத்துல புது ஆள் இல்லேன்னா உன்னை மறுபடி உள்ள அனுப்பலாம். உன் பயம் அதுதான்னு எனக்குத் தெரியும். அந்தச் சின்னக் கதவை நீ இன்னும் கனவுல பார்க்கிறேன்னு துவாரகாவுல நீ தனியாத் தங்கியிருக்கிற இடத்துல உன் பக்கத்து ரூம் பையன் என்கிட்டச் சொன்னான். நான் ஃப்ளாட் பேப்பர், பென்ஷன் பேப்பர், பேங்க் ரசீது மூணையும் எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு போதும், மூணும் வரட்டும். தூண் பக்கம் போக மாட்டேன், முதல் பெஞ்சுல உக்காருவேன். துபாய்க்கும் அன்னிக்கே அனுமதி கேப்போம். குடுத்தாங்கன்னா போயிட்டு வா, கேஸ் தேதிக்கு ஓடி வா. குடுக்கலேன்னா வேலை போகட்டும், வேற வேலை வரும். ஆனா நீ வராம இருந்தே, உன் துவாரகா அட்ரஸையும் ஃப்ளைட் நம்பரையும் நானே எழுதி ஜட்ஜ் கையில குடுப்பேன். பெத்தவ செய்வாளான்னு நினைக்காதே. பெத்தவ செய்ய வேண்டியதைச் செய்யாம இருந்துதான் இங்க வந்து நிக்கிறோம்.

அண்ணே, உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லியிருக்கணும். உங்க வீட்டு நாற்காலியில உக்காந்து ஏமாத்தினவ நான், மறுபடி அதே நாற்காலியில உக்காந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அதனால உங்க வாயாலயே உங்களுக்குச் சொல்லிக்க வைக்கிறேன், இதுவும் ஒரு அதிகாரம்தான், இதையும் மன்னிச்சுக்குங்க. உடம்பு சரியில்லேன்னு கோர்ட்ல எனக்காகச் சொன்னீங்களே, அந்தப் பொய் நாலு வருஷமா என்னைத் தூங்க விடல. அஞ்சலைகிட்ட நீலப் பூஜாடிக்காக ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு. அதை நானே வந்து சொல்றேன், வியாழக்கிழமை சாயங்காலம், உங்க ஆர்.சி.யைக் கையில எடுத்துக்கிட்டு.

இன்னும் ஒரு பக்கம் இருக்கு, அதுல ஒரே ஒரு வரிதான். அண்ணே, அதை நீங்க வாசிக்க வேண்டாம், காகிதத்தை அவன் கையில குடுத்துருங்க. கண்ணா, பெரிய பெரிய எழுத்தா, மூணாங்கிளாஸ் நோட்டுல எழுதித் தருவேனே, அது மாதிரி எழுதியிருக்கேன், நீ அவருக்குச் சொல்ல வேண்டியதை. எழுத்துக் கூட்டித்தான் வரும், வரட்டும். எத்தனை நேரமானாலும் அவர் இருப்பாரு, உனக்காகக் காத்திருந்து பழகினவர். அவர் மூஞ்சியைப் பார்த்து, சத்தமா வாசி.

உன்னைப் பெத்தவ,
அம்மா

அங்கிள், என்னை மன்னிச்சிருங்க. வியாழக்கிழமை காலையில கோர்ட்டுக்கு நானே வர்றேன்.